கொக்கியில் மாட்டிக்கொண்டவன்

அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதற்காக எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வளைகுடாவில், ருவைஸ் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பாரம் தூக்கும் கருவிகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் நான். கிரேன் கொக்கி, சங்கிலி, இரும்புக் கயிறு எல்லாவற்றையும் அளந்து பார்ப்பேன். சரியாக இருந்தால் பச்சை டேக், இல்லையென்றால் சிவப்பு. சிவப்பு டேக் கட்டும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் எழும். அதை மறைக்கவும் எனக்குத் தெரியாது. கொக்கியின் வாய் இரண்டு மில்லிமீட்டர் அகன்றிருக்கிறது என்று நான் அறிவிக்கும்போது என் முகம் எப்படி இருந்தது என்பதை, பல வருடங்களுக்குப் பிறகு ஒரு நண்பர் நடித்துக் காட்டினார். பார்க்கச் சகிக்கவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில், எங்கள் ஆலையிலிருந்து ஊர் திரும்பவிருந்த ஓர் ஐரோப்பியர் தன் கேரவனை விற்றுவிட்டுப் போக நினைத்தார். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் சின்ன வீடு அது. இரண்டே சக்கரம். உள்ளே படுக்கை, அடுப்பு, மடக்கு மேசை, பக்கவாட்டில் அகலமான ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தபடி காபி குடிப்பது போன்ற காட்சி மனதுக்குள் ஓடிய வேகத்தில் கையைக் கொடுத்து வாங்கிவிட்டேன். என்னிடம் பெரிய அமெரிக்க ஜீப் ஒன்று இருந்தது, பழையது. இழுப்பதற்கு அது போதும். ஹஜ் பெருநாள் விடுமுறை அந்த வருடம் குளிர்காலத்தில் வந்தது. மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு மிர்ஃபா கடற்கரைக்குப் போவதாகத் திட்டம்.

"இதுக்கு டயர் மாத்தணும்" என்றாள் மனைவி, கேரவனை ஒரு சுற்று சுற்றிவிட்டு.

"எதுக்கு? பட்டையைப் பாரு. புது டயர். ரப்பர் முடிகூட உதிரலை."

"பட்டை நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல பாருங்க."

குனிந்து பார்த்தேன். பக்கச்சுவரில், பித்தவெடிப்பு வந்த குதிகால் மாதிரி, மெல்லிய கோடுகள். வெயிலில் நின்றதால் வந்த மேல்பூச்சு வெடிப்பு, ஒன்றும் செய்யாது என்று விளக்கினேன். அவள் திருச்சியில் கல்லூரி முடித்ததிலிருந்து தயிர் டப்பாவின் தேதியைப் பார்க்காமல் வாங்கியதில்லை. "இதுல தேதி இருக்காதா?" என்று கேட்டாள். டயருக்கெல்லாம் தேதி போடமாட்டார்கள் என்று சொன்னேன். சந்தேகம் என்பதே இல்லாமல் சொன்னேன்.

அவள் விடவில்லை. இரண்டு சக்கரங்களையும் கழற்றி ஜீப்பில் போட்டு, கேரவனை மரக்கட்டைகள் மேல் நிறுத்திவிட்டு, வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மூவரும் துபாய்க்குக் கிளம்பினோம். நாலு மணி நேரப் பயணம். படகு இழுப்பவர்களுக்கான டயரும் கொக்கியும் ஒரே கடையில் கிடைக்கும் என்று அல் குசைஸில் ஒரு கடையைச் சொல்லியிருந்தார்கள். கடையைப் பார்த்துக்கொண்டவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். சட்டைப்பையில் டார்ச் லைட். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகுதான் அந்தத் தெரு முழுதாகத் திறக்கும். எங்களுக்காக அவர் மட்டும் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

சக்கரத்தை உருட்டி வைத்து, பக்கச்சுவரில் டார்ச் அடித்தார். "சார், இந்தா பாருங்க. கடைசியில நம்பர் இருக்கா? நாலு நம்பர் இருந்தா முதல் ரெண்டு எத்தனாவது வாரம், அடுத்த ரெண்டு எந்த வருஷம். இதுல மூணு நம்பர்தான் இருக்கு."

"அப்படின்னா?"

"மூணு நம்பர்னா ரெண்டாயிரத்துக்கு முந்தினது. போன நூற்றாண்டு டயர் சார் இது."

மனைவி திரும்பிக்கொண்டாள். கைப்பையில் எதையோ தேடினாள். அவள் அப்படித் தேடும்போது பையில் எதுவும் இருக்காது.

"ஓடாம நின்ன வண்டி, அதான் பட்டை தேயலை" என்றார் கடைக்காரர். "இந்த வெயில்ல ரப்பர் உள்ளுக்குள்ளயே காஞ்சிடும். பாரத்தை ஏத்தி ஹைவேல ஓட்டினா, அரை மணி நேரத்துல வெடிச்சிடும்."

சரி, போகட்டும், புதியதையாவது நானே தேர்ந்தெடுப்போம் என்று சுவரில் மாட்டியிருந்த டயர்களைப் பார்வையிட்டேன். அகலமான ஒன்று. பக்கவாட்டில் வெள்ளை எழுத்து எழும்பி நின்றது. என் ஜீப்பின் டயருக்கு ஜோடி மாதிரி இருந்தது. அதைக் காட்டினேன்.

"அது காருக்கு சார். வசதியா போறதுக்கு. உங்களுக்கு இது." அவர் மூலையிலிருந்து ஒல்லியாக, அழகே இல்லாத ஒன்றை உருட்டி வந்தார். காய்கறி வேனில் மாட்டியிருப்பார்களே, அந்த மாதிரி. "லோடு வண்டி டயர். பக்கம் தடிப்பா இருக்கும், ஆட்டம் இருக்காது. ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும்னு இதுலயே போட்டிருக்கு. காத்து மட்டும் குறைய விடாதீங்க."

"பார்க்க ஒரு மாதிரியா இருக்கே" என்றேன்.

"கேரவன் அடியில யாருங்க குனிஞ்சு பாக்கப் போறா?" என்றாள் மனைவி. "எடையைத் தாங்குமான்னு கேளுங்க. ஆபீஸ்ல அதைத்தானே கேப்பீங்க?"

ஆபீஸில் அதைத்தான் கேட்பேன். ஒல்லி டயரே முடிவானது. போன வாரம் எதிலோ வாசித்ததை வைத்து, கேரவனின் மொத்த எடை, சக்கரத்துக்கு எவ்வளவு என்று நானும் கொஞ்சம் கணக்குப் பேசினேன். கடைக்காரர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

டயர் விஷயத்தில் இரண்டு முறை தோற்றுவிட்டேன். அடுத்து கொக்கி. அது என் தொழில். அதில் விட்டுக்கொடுப்பதில்லை என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். பிறகு நடந்ததெல்லாம் இதனால்தான்.

ஜீப்பின் பின்புறம் அடியில் சதுரமாக ஓர் இரும்புக் குழாய் உண்டு. அதற்குள் ஓர் இரும்புக் கட்டையைச் செருகி, குறுக்கே ஒரு பின்னை மாட்டவேண்டும். கட்டையின் நுனியில் இரும்புக் குண்டு ஒன்று. கேரவனின் மூக்கில் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல ஒரு பிடி இருக்கும். அது அந்தக் குண்டின் மேல் உட்கார்ந்து, நெம்புகோலை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். குண்டும் கிண்ணமும் ஒரே அளவாக இருக்கவேண்டும். என் கேரவனின் பிடியில் ஐம்பது என்று வார்ப்பிலேயே போட்டிருந்தது. ஐம்பது மில்லிமீட்டர்.

கடைக்காரர் இரண்டு குண்டுகளைக் கண்ணாடி மேசையில் வைத்தார். ஒன்றில் ஐம்பது என்று இருந்தது. கறுப்பு. இன்னொன்றில் இரண்டு இன்ச் என்று இருந்தது. பளபளவென்று குரோம் பூசி, என் முகம் அதில் தெரிந்தது. தாங்கும் எடையும் அதில்தான் அதிகம்.

"உங்க கேரவன் ஐரோப்பாவா, அமெரிக்காவா?"

"ஐரோப்பா."

"அப்ப கறுப்பு சார்."

"ரெண்டு இன்ச்னாலும் ஐம்பதுனாலும் ஒண்ணுதானே. இதுக்கு கெப்பாசிட்டி அதிகம். எங்க வேலையில எப்பவுமே கெப்பாசிட்டி அதிகமா இருக்கறதைத்தான் எடுப்போம்."

"ஒண்ணு இல்ல சார். பொடி வித்தியாசம் இருக்கு."

"ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது" என்று சிரித்தேன். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தேய்மானத்துக்காக ஆட்களை வெயிலில் நிறுத்தி வைத்தவன் நான்.

அவர் தோளைக் குலுக்கி, குரோம் குண்டைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம், விடுமுறைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கும்போது, ஒத்திகை பார்த்துவிடலாமென்று கேரவனை ஜீப்போடு மாட்டினேன். புது டயர்கள் மாட்டியாகிவிட்டது. மூக்கின் மேல் எவ்வளவு எடை விழுகிறது என்று பார்க்க, மனைவியின் எடை பார்க்கும் மெஷினைக் குளியலறையிலிருந்து எடுத்து வந்து அடியில் வைத்தேன். அது ஒரு எண்ணைக் காட்டியது. பிறகு எதையும் காட்டவில்லை, அதற்கப்புறம் எப்போதுமே. அதை ஒரு சாக்குத் துணிக்கு அடியில் மறைத்துவிட்டு, மூக்கைக் குண்டின் மேல் இறக்கினேன்.

இறங்கவில்லை. கிண்ணம் குண்டின் உச்சியில் தொப்பி மாதிரி நின்றது. கொஞ்சம் அழுத்தினேன். கொஞ்சம் கிரீஸ் தடவினேன். பிறகு அதன் மேல் ஏறி நின்று குதித்தேன். எண்பத்திரண்டு கிலோ இறங்கியதும் 'டக்' என்று ஒரு சத்தம். உட்கார்ந்துவிட்டது. நெம்புகோல் முக்கால்வாசி மூடியது. மிச்சத்தைச் சுத்தியலால் மூடவைத்தேன். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மகளிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

குடியிருப்பைச் சுற்றி ஒரு ரவுண்டு. அருமையாக வந்தது. வீட்டு வாசலுக்கு வந்து கழற்றப் பார்த்தேன். நெம்புகோல் அசையவில்லை. சுத்தியல், ஜாக்கி, கொதிக்கும் தண்ணீர், ஃப்ரிட்ஜிலிருந்த ஐஸ் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஜாக்கியை வைத்து மூக்கைத் தூக்கினால் ஜீப்பும் சேர்ந்து எழுந்தது.

"அந்த இரும்புக் கட்டையோட மொத்தமா கழட்ட முடியாதா?" என்று கேட்டாள் மனைவி.

அதற்கு நான் ஓர் உரை நிகழ்த்தினேன். பாரம் தாங்கும் இணைப்பில் பின்னைத் தொடுவது எவ்வளவு ஆபத்து, எதை எப்போது தொடலாம், தொடக்கூடாது என்று. பத்து நிமிடம் இருக்கும். கேட்டுவிட்டு அவள் குக்கரை இறக்க உள்ளே போனாள்.

அடுத்த மூன்று நாளும் நான் போன இடமெல்லாம் கேரவனும் வந்தது. வேறு வண்டி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளைப் பள்ளியில் விட, வாசலில் ஏழு கார் நிற்கும் இடத்தை நான் ஒருவனே அடைத்துக்கொண்டேன். "அப்பா, ப்ளீஸ், நெக்ஸ்ட் டைம் தெருமுனையிலேயே டிராப் பண்ணுங்க. திஸ் இஸ் சோ எம்பாரசிங்" என்று சொல்லிவிட்டு, யாரோ ஒருவரின் காரிலிருந்து இறங்கியதைப் போல நடந்து போனாள்.

ஆலை வாசலில் நேபாளக் காவலாளி கையைக் காட்டி நிறுத்தினார். கேரவனைச் சுற்றி வந்தார். "சாப், சைட் கேபினா? கேட் பாஸ் கஹான்?" பாஸ் எங்கே என்கிறார்; வேலையிடத்துக்கான கேபின் கொண்டுவருவதற்கு இலாகாவின் கையெழுத்து வேண்டும் என்றார். இது என் சொந்த வண்டி என்றேன். "தோ அந்தர் க்யோன் லாயா?" என்று கேட்டார். ஏன் கொண்டுவந்தீர்கள்? நியாயமான கேள்வி. கழற்ற முடியவில்லை என்ற பதிலை, பாரம் தூக்கும் கருவிகளின் இன்ஸ்பெக்டர் என்று எழுதிய அட்டையை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு எந்த மொழியில் சொல்வது? வெளியே லாரிகள் நிற்கும் மணல் மைதானத்தில் நிறுத்திவிட்டு இரண்டு கிலோமீட்டர் நடந்தேன்.

திங்கட்கிழமை மாலை மனைவி காய்கறி வாங்கவேண்டுமென்றாள். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் லாரிகளோடு லாரியாக நிறுத்தினேன். கேரவனுக்குள் ஏதோ கொட்டிக் கிடக்கிறதென்று அவள் உள்ளே போய்த் துடைத்துக்கொண்டிருந்தாள். காற்றுக்காக ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தாள். லாரி ஓட்டும் பட்டாணியர் ஒருவர் வந்து, ஜன்னலுக்கு அருகே கையை ஊன்றி நின்று, "பெஹன்ஜி, ஏக் கடக் சாய்" என்று ஸ்ட்ராங் டீ கேட்டார்.

நான் ஓடிப்போய் இது கடையில்லை என்று சொல்வதற்குள், பின்னால் இன்னொருவரும் வந்து நின்றுவிட்டார். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள். விடுமுறைக்கென்று வாங்கி வைத்திருந்த பால் டின்னும் டீத்தூளும் உள்ளேயே இருந்தன. நால்வருக்கு டீ போட்டாள். காசு கொடுக்க வந்தபோது வாங்கவில்லை. "இந்த வண்டி ஒரு வேலைக்காவது ஆச்சே" என்றாள் என்னிடம். டிரைவர்கள் ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லி, இனி தினமும் இங்கேதான் நிற்பீர்களா என்று கேட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு டூட்டி முடிந்து லாரி மைதானத்துக்கு நடந்து வந்தேன். கேரவனின் மூக்குக்குப் பக்கத்தில் ஒருவர் குந்தி உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆலையில் ரிக்கர், அதாவது கிரேனில் பாரத்தைக் கட்டி அனுப்புகிறவர். சிவகங்கைப் பக்கம். கான்ட்ராக்ட் கம்பெனி ஆள், தொழிலாளர் கேம்ப்பில் இருந்தார். அவரை எனக்குத் தெரியும், என்னை அவருக்கு நன்றாகவே தெரியும். மூன்று மாதம் முன்னால் அவர் கட்டிய ஒரு பாரத்தைப் பாதியில் இறக்கச் சொல்லி, ஷேக்கிள் என்ற இணைப்பு வளையம் ஒன்றுக்குச் சிவப்பு டேக் கட்டி, அரை நாள் வேலையை நிறுத்தியிருந்தேன். அவருக்கு அன்றைக்கு ஓவர்டைம் போனது. எனக்கு அது அப்போது தெரியாது என்று எழுத ஆசைதான். தெரியும்.

"பஸ்ஸுல போறப்ப மூணு நாளா பாத்தேன் சார். எதுக்கு இதையும் கட்டி இழுத்துக்கிட்டே திரியிறீங்க?"

"கழட்ட வரலை" என்றேன். வேறு எதைச் சொல்லவும் களைப்பாக இருந்தது.

அவர் குனிந்து அடியில் பார்த்தார். நிறுத்தும்போது கேரவன் மூக்கைத் தாங்குவதற்கென்று இருந்த சின்ன முன்சக்கரத்தைத் திருகித் தரையில் இறக்கி, மூக்கின் எடையை அதற்கு மாற்றினார். சதுரக் குழாயின் குறுக்கே இருந்த பின்னைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். வந்துவிட்டது.

"வண்டியை மெதுவா முன்னாடி எடுங்க சார்."

எடுத்தேன். ஜீப் தனியாக நகர்ந்தது. இரும்புக் கட்டை கேரவன் மூக்கில் தொங்கியபடி பின்னாலேயே நின்றுவிட்டது. மூன்று நாள், இரண்டு கிலோமீட்டர் நடை, ஏழு கார் இடம். அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"அம்புட்டுதான் சார்" என்றார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

பிறகு கட்டையின் அடியிலிருந்த நட்டைக் கழற்றி, மரத்துண்டு வைத்து இரண்டு தட்டில் குண்டையும் விழச்செய்தார். பிடிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். அப்போதுதான் முகம் மாறியது.

"சார், இது பூட்டவே இல்ல. இறுகி நின்னிருக்கு, அம்புட்டுதான். பூட்டுற நாக்கு குண்டுக்குக் கீழ வந்தே சேரல. இதோட ஹைவேல ஏறியிருந்தீங்கன்னா, ஒரு குலுக்கல்ல மேலே எகிறியிருக்கும். புள்ளையை வேற வச்சுக்கிட்டு."

அன்று ராத்திரி ஆபீஸ் வெர்னியர் அளவுகோலால் குண்டை அளந்தேன். ஐம்பது புள்ளி எட்டு. புதன்கிழமை லீவு போட்டுவிட்டு தனியாக அல் குசைஸ் போனேன். எட்டு மணி நேரம், போக வர. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து போய்க் கறுப்புக் குண்டை எடுத்து வந்தார். பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். கிளம்பும்போது, "டயர்ல காத்து பாத்தீங்களா சார்?" என்றார்.

பெருநாளின் இரண்டாம் நாள் மிர்ஃபாவுக்குப் போனோம். ரிக்கரையும் வரச்சொல்லியிருந்தேன், முதலில் தயங்கினார், பிறகு மனைவி போனில் பேசியதும் சரியென்றார். குண்டு கிண்ணத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. நெம்புகோலை என் மகள் ஒற்றைக் கையால் மூடினாள். ரிக்கர் புதிதாக மாட்டிய பாதுகாப்புச் சங்கிலியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். நான் மூன்று தடவை பார்த்தேன். ஒல்லி டயர்கள் முணுமுணுக்காமல் வந்தன.

கடற்கரையில் கேரவனைப் பின்னால் தள்ளி நிறுத்தவேண்டும். ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் அது வலது பக்கம் போகும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ரிக்கர் பின்னால் நின்று கை காட்டினார். பக்கத்தில் மீன் சுட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பம் முழுவதும் எழுந்து வந்து, அரபியில் வழி சொன்னது. "யல்லா, யல்லா! கலாஸ்!" அரைமணி நேரம் கழித்து எல்லோரும் கலாஸ், போதும் என்று ஏற்றுக்கொண்ட நிலையில், என் பெரிய ஜன்னல் பொதுக் கழிப்பறையைப் பார்த்தபடி நின்றது. அப்படியே விட்டுவிட்டோம். கடல் பக்கம் பாய் விரித்து உட்கார்ந்தோம்.

மனைவி புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்து வைப்பதற்குள், ரிக்கர் கேரவன் உள்ளே பார்க்கலாமா என்று கேட்டார். படுக்கையைத் தொட்டுப் பார்த்தார். "ஒருத்தருக்கா சார் இது?" என்றார். ரெண்டு பேர் படுக்கலாம் என்றேன். அவர் ரூமில் எட்டுப் பேர், இரண்டு ஷிஃப்ட், எப்போதும் ஒரு லைட் எரியும் என்று சொன்னார். புகாராகச் சொல்லவில்லை. "செத்த நேரம் கெடந்து பாக்கவா?" என்று கேட்டார். கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனபோது தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி எழுப்ப வேண்டாமென்றாள். தட்டை மூடி வைத்தாள். மகள் கிளிஞ்சல் பொறுக்கினாள். நான் டயரைக் குனிந்து பார்த்து, காற்று குறையவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வேறு வேலை இல்லாமல் மறுபடியும் ஒருமுறை உறுதி செய்தேன். வெயில் இறங்கி, மீன் சுட்ட குடும்பம் பாயைச் சுருட்டிக்கொண்டு போனது. ஐந்து மணி தாண்டித்தான் கதவு திறந்தது. கன்னத்தில் தலையணையின் தையல் அச்சு விழுந்திருக்க, அவர் படியில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எழுப்பியிருக்கலாமுல்ல சார். பொழுதே போயிருச்சே."

"அங்கிள், நீங்க ஸ்னோர் பண்ணீங்க" என்றாள் என் மகள்.

"அப்பிடியா?" என்று வெட்கப்பட்டுச் சிரித்தார். மனைவி தட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். புளிசாதம் ஆறிப்போயிருந்தது. இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.